இன்டர்வியூவுக்கு முந்தின பதினோரு நாள்!

"டாக்டரய்யா, இவனுக்கு நரம்புக்கு நல்ல லேகியமா ஒண்ணு குடுங்க. இன்னும் பதினோரு நாள்ல இன்டர்வியூ. பிள்ள ராத்திரி கண்ணே மூட மாட்டேங்கான்."

தருவைகுளத்திலிருந்து வந்திருந்த அந்தத் தாய், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லி முடித்துவிட்டார். பின்னால் நின்ற பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெக்கானிக்கல் என்ஜினீயரிங் முடித்தவன். 'கேட்' தேர்வில் நல்ல மதிப்பெண். மத்திய அரசு நிறுவனம் ஒன்று (எது என்று இங்கே வேண்டாம்) பயிற்சிப் பொறியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறது. ஊரே சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் வீட்டில் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை.

தருவைகுளத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டிப் போனால் மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கும் மீனவர் ஊர். இங்கிருந்து கிளம்பும் படகுகள் நாள் கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடித்து வரும். இந்தப் பையனின் அப்பாவும் அப்படிப்பட்ட ஒரு படகில்தான் போகிறார். அவர் கடலில் இருந்ததால் அம்மா மட்டும் கூட்டி வந்திருந்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி, அதற்குப் பிறகு கோச்சிங் என்று ஆறேழு வருஷம் ஓடிவிட்டு, கடைசியில் அந்த முப்பது நாற்பது நிமிஷத்துக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்கிற பிள்ளை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விவரம். அரசு வேலை என்றாலே இன்டர்வியூ உண்டு என்று பல பெற்றோர் இன்னும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் கடைநிலைப் பணிகளுக்கும், 'பி' பிரிவில் கெசட்டட் அல்லாத பணிகளுக்கும் நேர்முகத் தேர்வை எடுத்துவிட்டது. ரயில்வேயிலோ, பணியாளர் தேர்வாணையம் மூலமோ ஜூனியர் என்ஜினீயர் வேலைக்குப் போகிறவர்களுக்கு எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை இவைதான். நம் டி.என்.பி.எஸ்.சி.யும் தொழில்நுட்பப் பணிகளில் நேர்முகத் தேர்வு உள்ள பதவிகள், இல்லாத பதவிகள் என்று தனித்தனியாகத் தேர்வு வைக்கிறது. எனவே விளம்பரத்தை முழுதாகப் படியுங்கள். இல்லாத இன்டர்வியூவுக்குப் பயந்து என்னிடம் வந்தவர்களும் உண்டு!

ஆனால் அதிகாரி நிலையில் சேரும் என்ஜினீயர்களுக்கு இன்டர்வியூ இன்றும் இருக்கிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணித் தேர்வில் மொத்தம் 1300 மதிப்பெண்ணில் 200 நேர்முகத்துக்கு. கூடங்குளத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகத்தில் 'கேட்' மதிப்பெண் உங்களை வாசல்வரைதான் கொண்டு போகும். உள்ளே போவது நேர்முகத் தேர்வில் காட்டும் திறமையைப் பொறுத்தது. படித்ததெல்லாம் ஒரு அறைக்குள், நாலைந்து பேர் முன்னால், வாயால் சொல்லிக் காட்ட வேண்டும். பையன் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை.

நாடி பார்த்தேன். நிமிஷத்துக்கு 96. உள்ளங்கை ஈரம். நாக்கில் மாவு படிந்த மாதிரி வெள்ளை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு தூக்கம் இல்லை. காலையில் மூன்று தடவை வயிற்றுக்குப் போகிறது. பசி இல்லை. வாய் வறண்டு போகிறது.

இதில் நோய் எங்கே இருக்கிறது? பயம் வந்தால் மூளை அட்ரினலினைச் சுரக்கச் சொல்லும். இதயம் வேகமாக அடிக்கும், ரத்தம் வயிற்றை விட்டுக் கை கால் தசைகளுக்கு ஓடும், எச்சில் குறையும், பெருங்குடல் அவசரப்படும். புலி வந்தால் ஓடுவதற்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது. எங்கள் சித்த மருத்துவம் இதையே வளி மிகுந்து, அழலைக் கெடுத்தது என்று சொல்லும். புலி ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விடும். இன்டர்வியூ கடிதமோ பதினோரு நாள் மேஜையிலேயே கிடக்கிறது. அங்கேதான் சிக்கல்.

"காபி எத்தனை குடிக்கிற தம்பி?"

"ரெண்டு மூணு சார்."

"பொய் சொல்லுதான். ஆறு டம்ளர். நான்தானே போட்டுக் குடுக்கேன்" என்றார் அம்மா.

கடைசி டம்ளர் ராத்திரி ஒன்பது மணிக்கு! காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்குக் குடித்தது இரண்டு மணிக்கும் பாதி உடம்பில் உட்கார்ந்திருக்கும். தூக்கம் வராததற்கு நரம்பைக் குறை சொல்லி என்ன செய்ய? சரி, காபியோடு முடிந்தது என்று நினைத்தேன். வழக்கம்போல, "வேறு மாத்திரை ஏதாவது?" என்று கேட்டேன். பையன் அம்மாவைப் பார்த்தான். நான் அம்மாவை வெளியே மருந்துக்கூடத்தில் கொஞ்சம் உட்காரச் சொன்னேன்.

பையன் சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தான். ப்ராப்ரனலால். நாற்பது மில்லிகிராம். கூடப் படித்த நண்பன் கொடுத்ததாம். "இன்டர்வியூவுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால ஒண்ணு போட்டா கை நடுங்காது, நெஞ்சு படபடக்காதுன்னான் சார். டெஸ்ட் பண்ணிப் பாக்க நேத்து ஒண்ணு போட்டேன்."

"போட்டப்புறம்?"

"படபடப்பு குறைஞ்சுது. ஆனா ராத்திரி மூச்சு இழுத்துது. பனியாயிருக்கும்னு நெனச்சேன்."

சின்ன வயதிலிருந்தே இவனுக்கு இளைப்பு உண்டு என்பது அப்போதுதான் வெளியே வந்தது. இழுப்பு வந்தால் அடிக்கும் இன்ஹேலர் பையில் இருக்கிறது. அதை வெளியே சொல்ல வெட்கம்.

வாசகர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அந்த மாத்திரை கெட்ட மருந்து அல்ல. ஆங்கில மருத்துவர்கள் ரத்த அழுத்தத்துக்கும், சில இதய நோய்களுக்கும், ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கிறார்கள். மேடை பயத்துக்கும் ஆளைப் பார்த்துக் கொடுப்பது உண்டு. அட்ரினலின் போய் ஒட்டும் இடங்களை அது அடைத்துவிடும்; இதயம் அடங்கும். ஆனால் அதே மாதிரி இடங்கள் மூச்சுக்குழாயிலும் இருக்கின்றன. அங்கே அடைத்தால் குழாய் சுருங்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு இது பெரிய ஆபத்து. மோசம் என்னவென்றால், இழுப்பு வந்த பிறகு அடிக்கும் இன்ஹேலர் மருந்து வேலை செய்ய வேண்டிய இடமும் அதுவேதான். அதனால் அதுவும் சரியாகப் பிடிக்காமல் போகலாம். இன்டர்வியூ அறை வாசலில், தெரியாத ஊரில், இந்தப் பையன் அந்த மாத்திரையைப் போட்டிருந்தால்? எனக்கு வியர்த்துவிட்டது.

சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் இதைத் தாமாகப் போடக்கூடாது. சர்க்கரை இறங்கினால் வரும் நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போய்விடும். தூக்க மாத்திரை விஷயமும் இப்படித்தான். முந்தின ராத்திரி போட்டால் மறுநாள் காலை மந்தமாக இருக்கும், தெரிந்த பதிலும் நாக்குக்கு வராது. நண்பன் கொடுத்த மாத்திரை, பக்கத்து வீட்டு மாத்திரை, மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கிய மாத்திரை எதுவும் வேண்டாம்.

பையனை அன்றே அவனுடைய ஆஸ்துமா டாக்டரிடம் அனுப்பினேன். இன்ஹேலரை அவர் சொல்கிறபடி ஒழுங்காக எடுக்கச் சொன்னேன். சித்த மருத்துவன் இப்படிச் சொல்கிறானே என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆடாதோடையும் தாளிசாதியும் என் அலமாரியிலும் இருக்கின்றன. ஆனால் பத்து நாளில் இன்டர்வியூவுக்குப் போகிறவனின் மூச்சில் புதுசாகப் பரீட்சை பண்ணுவது வைத்தியம் ஆகாது.

சரி, நான் என்னதான் கொடுத்தேன்? அம்மா லேகியம் கேட்டுத்தானே வந்தார்! மந்த வயிற்றுக்குப் பஞ்ச தீபாக்கினி சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி, சீரகம், ஏலம் ஐந்தும் சேர்ந்தது. சாப்பாட்டுக்கு முன் சிறு அளவு, தேனில். அவ்வளவுதான். "அமுக்கரா குடுங்களேன், நரம்புக்கு நல்லதுன்னு டி.வி.யில சொல்லுதாங்க" என்றார் அம்மா. அமுக்கரா நல்ல மூலிகைதான். ஆனால் அது வாரக்கணக்கில் சாப்பிட்டுப் பலன் பார்க்கிற சரக்கு. தைராய்டு, கல்லீரல் தொந்தரவு உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. பத்து நாளில் மாயம் பண்ணாது. பாலில் சாதிக்காய் உரசிக் குடிக்கிற வழக்கமும் நம் வீடுகளில் உண்டு. தூக்கம் வரட்டும் என்று அரைக்காய், முழுக்காய் என்று உரசினால் மயக்கமும் குழப்பமும் வரும். இன்டர்வியூ வாரத்தில் அது வேண்டவே வேண்டாம்.

எங்கள் நூல்களில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பகுதி உண்டு. பசி, தாகம், தூக்கம், மலம், சிறுநீர் முதலிய பதினான்கையும் அடக்கக்கூடாது, அடக்கினால் நோய் வரும் என்பது கணக்கு. இன்டர்வியூவுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒரே நேரத்தில் இதில் நாலைந்தை அடக்குகிறார்கள்! அதனால் மருந்தைவிட ஒழுங்கைத்தான் அதிகம் எழுதிக் கொடுத்தேன். காபி காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பிறகு கிடையாது. ஆறிலிருந்து ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலிக்கும். இரண்டு மூன்று நாளில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ராத்திரி பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும், தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும். செல்போன் அம்மாவின் அறையில். சாயங்காலம் கடற்கரையில் அரை மணி நடை. காலையில் பசிக்காவிட்டாலும் இரண்டு இட்லி.

மூச்சு விஷயமும் சொல்ல வேண்டும். இளைப்பு உள்ளவனுக்கு மூச்சை அடக்கும் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. மெதுவாக இழு, அதைவிட மெதுவாக விடு. நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வந்தால் போதும். ஐந்து நிமிஷத்தில் நாடி இறங்குவதை அவன் மணிக்கட்டிலேயே அவனைப் பார்க்கச் சொன்னேன். 96 என்று இருந்தது 82க்கு வந்தது. மாத்திரை இல்லாமல் தன் படபடப்பைத் தானே குறைக்க முடிகிறது என்று தெரிந்த பிறகுதான் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

உண்மையான பயம் என்ன என்பது மூன்றாம் தடவை வந்தபோதுதான் சொன்னான்.

"அப்பா என்ன செய்றார்னு கேப்பாங்க சார். என்ன சொல்ல? 'பிசினஸ்'னு சொல்லட்டுமா?"

எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் என்னிடம் மூட்டு வலிக்கு வரும் ஒரு பெரியவர் அனல்மின் நிலையத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தபோது இன்டர்வியூ போர்டில் உட்கார்ந்த அனுபவமும் உண்டு. அவரிடம் சொன்னேன். "நாளைக்கு வரச் சொல்லுங்க டாக்டர், உங்க திண்ணையிலயே கேட்டுப் பார்ப்போம்" என்றார்.

நான் மருந்து இடிக்கிறவன்; எனக்கு அவர்கள் பேசியதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியைச் சொல்கிறேன். முதலில் புத்தகக் கேள்வி கேட்டார். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. பையன் மனப்பாடமாக ஒப்பித்தான், ஆங்கிலத்தில், மூச்சு விடாமல். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, "அப்பா என்ன செய்றார்?" என்றார்.

பையன் தயங்கினான். "ஃபிஷிங் சார்."

"எத்தனை நாள் கடல்ல இருப்பாங்க?"

"பத்து நாளைக்கு மேலயும் ஆகும் சார்."

"அத்தனை நாள் மீன் கெடாம ஐஸ் எப்படித் தாங்குது?"

அங்கே மடை திறந்தது! மீன் அறையின் சுவரில் என்ன அடைக்கிறார்கள், மூடியைத் திறக்கும்போதெல்லாம் எவ்வளவு ஐஸ் வீணாகும், ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும், சுவரின் கனம் கூடினால் உள்ளே வரும் வெப்பம் எப்படிக் குறையும் என்று காகிதத்தில் படம் போட்டுக் கணக்குப் பண்ண ஆரம்பித்துவிட்டான். படகின் டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் ஏன் இல்லை, சூடான என்ஜினைக் கடல் நீரால் எப்படிக் குளிர வைக்கிறார்கள், படகின் அடியில் துத்தநாகக் கட்டியை ஏன் பொருத்துகிறார்கள் (அந்தக் கட்டி தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றுமாம்) என்று பேச்சு நீண்டது. பாதி தமிழ், பாதி ஆங்கிலம். கை நடுங்கவில்லை. நான் இரண்டு நோயாளிகளைக் காக்க வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இதுல ஒரு வார்த்தை புத்தகத்துல படிச்சதா? முழுக்க உங்க அப்பாகிட்ட கத்துக்கிட்டது. எங்க அனல்மின் நிலையத்துலயும் கடல் தண்ணிதான்யா கண்டன்சரைக் குளிர வைக்குது. இதை விட்டுட்டு பிசினஸ்னு சொல்லப் போறியாக்கும்!" என்றார் பெரியவர். பிறகு இன்னொன்றும் சொன்னார். தெரியாததைக் கேட்டால் உடனே 'தெரியாது சார்' என்று சொல்லிவிட வேண்டுமாம். சுற்றி வளைத்தால் போர்டில் உள்ளவர்கள் விடாமல் தோண்டுவார்களாம். நோயாளிகளிடம் நானும் அதைத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இதே கடற்கரையில், கொஞ்சம் வடக்கே, ராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்தவரின் மகன் ஒருவர் 1958ல் இப்படித்தான் இரண்டு இன்டர்வியூவுக்காக வடக்கே போனார். அப்துல் கலாம். அவருடைய தந்தை ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிச் செல்லப் படகு கட்டியவர். சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்து, பெங்களூர் எச்.ஏ.எல்.லில் பயிற்சி முடித்தபோது கலாமுக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று டெல்லியில், பாதுகாப்பு அமைச்சகத்தின் விமானத் தொழில்நுட்பப் பிரிவு. இன்னொன்று டேராடூனில் விமானப்படை. ஆசை முழுவதும் விமானப்படை மேல். அங்கே இருபத்தைந்து பேரில் எட்டுப் பேரை எடுத்தார்கள். கலாம் ஒன்பதாவது!

மனம் உடைந்து ரிஷிகேசத்துக்குப் போனதையும், அங்கே கங்கையில் குளித்துவிட்டு சுவாமி சிவானந்தரைச் சந்தித்ததையும் 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்லியிருக்கிறார். டெல்லிக்குத் திரும்பினால், அவ்வளவாகப் பொருட்படுத்தாத மற்ற இன்டர்வியூவில் வேலை கிடைத்திருந்தது. முதுநிலை அறிவியல் உதவியாளர், அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். இதைப் பையனுக்குச் சொன்னபோது, "ஒன்பதாவதா சார்?" என்று இரண்டு தடவை கேட்டான். குடியரசுத் தலைவரானது அவனுக்குத் தெரியும். ஒன்பதாவதாக நின்றது தெரியாது.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். இன்டர்வியூ தேதியைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லாதீர்கள். முடிவு வரும்வரை ஒவ்வொருவரும் "என்னாச்சு?" என்று கேட்பதை அந்தப் பிள்ளைதான் தாங்க வேண்டும். "உன்னை நம்பித்தான் கடன் வாங்கினோம்" என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாதீர்கள். அவனுக்கு அது தெரியும். சென்னைக்கோ அதற்கப்பாலோ போக வேண்டியிருந்தால் ஒரு நாள் முன்னதாகவே முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏற்றி அனுப்புங்கள். முந்தின ராத்திரி பரோட்டா, சால்னா வேண்டாம். இட்லி, இடியாப்பம், தயிர்சாதம் போதும். புது உணவு எதையும் அன்றைக்குச் சோதித்துப் பார்க்க வேண்டாம். புதுச் சட்டையை, ஷூவை வீட்டிலேயே ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடித்த ஷூவோடு உள்ளே போனவனுக்கு நியூட்டனும் நினைவுக்கு வரமாட்டார்.

இனி, யாரும் முன்கூட்டி நினைக்காத ஒன்று. வேலை உறுதியான பிறகு மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. அங்கே திரும்பிப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முக்கியமாக நிறம் பிரித்தறியும் குறைபாடு. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத இந்தக் குறை பிறவியிலேயே வருவது, ஆண்களுக்குத்தான் அதிகம். படிப்புக்கோ அன்றாட வாழ்க்கைக்கோ இடைஞ்சல் இல்லாததால் இருபத்து மூன்று வயதுவரை வெளியே தெரிவதே இல்லை! புள்ளிப் புள்ளியாக வட்டங்களுக்கு நடுவே எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனையில்தான் பிடிபடும். ரயில்வேயில் சில பணிகளுக்கு இதில் மிகவும் கண்டிப்பு. வேறு பல பணிகளுக்கு அந்த அளவு இல்லை. எனவே விண்ணப்பம் போடுவதற்கு முன்பே கண் டாக்டரிடம் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டால், எந்த வேலைக்குப் போவது என்று முடிவு செய்யலாம். இதை மாற்ற மருந்து இல்லை. என் துறையிலும் இல்லை. இருக்கிறது என்று சொல்லிப் பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர் மூன்றையும் அப்படியே பார்த்துக்கொள்ளலாம். பரிசோதனை அறையில் பயத்தாலேயே அழுத்தம் ஏறிக் காட்டும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் அந்த மெதுவான மூச்சுதான் துணை. ஆஸ்துமா, முன்பு செய்த ஆபரேஷன் எதையும் படிவத்தில் மறைக்க வேண்டாம். இன்னொன்று, பரிசோதனைக்கு முன்னால் "உடம்பைத் தேற்ற" என்று பெயர் தெரியாத பற்பம், செந்தூரம் எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். உலோகமும் பாடாணமும் சேரும் மருந்துகள் முறையாகச் செய்யப்பட்டு, முறையாகப் படித்தவர் மேற்பார்வையில் கொடுக்க வேண்டியவை. சந்தையில் டப்பாவில் விற்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

பையன் போய் வந்துவிட்டான். உள்ளே முப்பத்தைந்து நிமிஷமாம். முதல் இரண்டு கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டான். மூன்றாவதாகத் தருவைகுளம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்களாம். "ஐஸ் வரைக்கும் போச்சு சார்" என்றான் சிரித்துக்கொண்டே. மாத்திரை அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டான்.

இதை எழுதும்வரை முடிவு வரவில்லை. போன வாரம் அம்மா மட்டும் தன் முழங்கால் வலிக்கு வந்திருந்தார். போகும்போது வாசலில் நின்று, "கெடைச்சுருமா டாக்டரய்யா?" என்று கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதும்மா. இப்ப ராத்திரி தூங்குதானா?"

"தூங்குதான். அவங்கப்பா கரைக்கு வந்துட்டாவ. ரெண்டு பேரும் படகுல என்ஜினைக் கழத்திப் போட்டுட்டு உக்காந்திருக்காவ."